வீட்டுக்கு வந்திருக்கிறவரு

— ஏ பவி, “வாங்க, தண்ணி குடிக்கிறீங்களா”ன்னு கேக்குறா நம்ம நிலா. என்னையப் பாத்து! பெத்த அப்பனைப் பாத்து “குடிக்கிறீங்களா”ங்கிறா.

— மெதுவாப் பேசுங்க, அடுப்படியிலதான் இருக்கா. புள்ளைக்கு வெக்கம். செத்த பொறுங்க, சரியாப் போகும்.

— வந்து ஒரு வாரமாச்சு. இன்னும் என்னத்தப் பொறுக்க? தம்மாமு பாலைவன ரோட்டுல ட்ரெய்லர் லாரிய ஓரங்கட்டிட்டு போன்ல வீடியோ போட்டா, “ஏலே அப்பா, சாப்டியா?”ன்னு கேக்குற புள்ள அது. என்னைய ஏலேங்கிற புள்ள இப்ப ‘ங்க’ போடுது. அம்புட்டுதான், எம் வீட்டுக்கே நான் விருந்தாளி.

— கொண்டாந்த பொம்மையக் குடுத்தீங்களா?

— குடுத்தேன். “தேங்ஸ்”னு சொல்லி வாங்கி டிவி மேல வச்சுட்டுப் போயிட்டா. பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட என்ன சொன்னா தெரியுமா? “எங்க வீட்டுக்கு ஒருத்தரு வந்திருக்காரு”ன்னு. ஒருத்தரு!

— நெசமாவா?

— சிரிக்காத பவி.

— சிரிக்கலங்க. வேற என்ன செய்யிறதுன்னு தெரியல, அதான். போன தடவ நீங்க வந்தப்ப அவளுக்கு மூணு வயசு. உங்க முதுகை விட்டு எறங்கவே மாட்டா. அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போகுது? இப்ப ஒண்ணாப்பு போறா. அவளுக்கு அப்பான்னா போனுக்குள்ள இருக்குற ஆளு. சோறு திங்கும்போது சொம்புல சாச்சு வச்சுக்கிட்டுப் பேசுனாத்தான் அப்பா.

— மதுரை ஏர்போர்ட்ல எறங்குனதுலருந்து ஊரு வந்து சேர்ற வரைக்கும் கைய வேட்டியில தொடைச்சுக்கிட்டே வந்தேன், தெரியுமா? புள்ளையத் தூக்கும்போது வேர்வையா இருக்கக் கூடாதுன்னு. வாசல்ல எறங்கிக் கைய நீட்டுறேன், உஞ் சேலைக்குப் பின்னாடி போய் ஒளியிறா.

— பாத்துக்கிட்டுத்தான நின்னேன்.

— நெசத்தைச் சொல்லு. நீயும் என்னைய ஒருத்தருன்னுதான் நெனைக்கிறியா?

— அடச்சீ, என்ன பேச்சு இது... மொத ரெண்டு நாளு விடியக்காலம் வீட்டுக்குள்ள ஆம்பளை இருமுற சத்தம் கேட்டாத் திடுக்குன்னு இருந்துச்சு. பொய் சொல்லல. பெறகு, நம்ம ஆளுதானன்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன். அந்தத் தூக்கம் மாதிரி நான் தூங்கி வருசக்கணக்காச்சு.

— ம்.

— அவளுக்கும் அப்படித்தான் வரும். நேத்து சோத்துத் தட்டை வச்சதும் “அம்மா, அப்பாவுக்குப் போன் போடு”ங்கிறா. நீங்க எதுத்தாப்புலதான் உக்காந்திருக்கீங்க.

— கேட்டுச்சு. தட்டை நவுத்தி வச்சுட்டேன்.

— ஒண்ணு செய்வமா? போன் போடுங்க.

— எங்கேருந்து?

— தோட்டத்துக்கு, மோட்டார் ரூமுக்குப் போங்க. சம்மங்கிச் செடிக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருக்காருன்னு நான் சொல்லிக்கிறேன். கதவைச் சாத்திக்கிட்டு, எப்பவும் போல வீடியோ போடுங்க. பேசப் பேச, அந்த ஆளும் இந்த ஆளும் ஒண்ணுதான்னு அவளுக்கே வெளங்கிரும்.

— கூப்புடுற தூரத்துல இருந்துக்கிட்டு எம் புள்ளைக்கு நான் போன் போடணும்.

— போடுங்க, என்ன கொறஞ்சு போச்சு? பின்னாடி ஒரு துண்டைத் தொங்க விட்டுக்கோங்க, செவுரு தெரியாது. அப்புறம், எப்பத் திரும்பப் போறேன்னு மட்டும் வாயத் தொறந்துறாதீங்க.

— கேட்டா?

— கேட்டாலும்தான். மாசித் திருவிழா முடிஞ்சதும் கெளம்புறீங்கன்னு தெரிஞ்சா உள்ளதும் போயிரும். போங்க, அவளுக்கு நான் தட்டு வைக்கிறேன்.

*

— அலோ. நிலாப் பாப்பாவா?

— ஏலே அப்பா! ஏன் இம்புட்டு நாளாப் போனே போடல?

— வேலை பாப்பா. சாப்டியா?

— சாப்டுக்கிட்டே இருக்கேன். தயிர்சோறு. தொட்டுக்க வெஞ்சனம், முட்டை. மஞ்சக்கரு வேணாம்னா அம்மா திட்டுது. அப்பா, நம்ம வீட்டுக்கு ஒருத்தரு வந்திருக்காரு, தெரியுமா?

— அப்படியா? எப்படி இருப்பாரு?

— பெரிய மீசை. குறட்டை விட்டா கூண்டுக்குள்ள கோழியெல்லாம் முழிச்சுக்குது, தெரியுமா?

— அம்புட்டுச் சத்தமா?

— ஆமா. சட்டைய மாட்டிக்கிட்டே கண்ணாடியில வயித்தைப் பாத்துக்குறாரு.

— சரி சரி. ஆளு நல்லவரா?

— நல்லவருதான். என் சைக்கிள் செயின் கழண்டு போச்சு, மாட்டிக் குடுத்தாரு. மிக்சர் பொட்டலத்துல இருக்குற கடலையெல்லாம் பொறுக்கி எனக்குன்னு ஒரு கிண்ணத்துல வச்சிருந்தாரு.

— தின்னியா?

— அவரு அங்கிட்டுப் போனதும் தின்னேன்.

— அவரு இருக்கும்போதே தின்னா என்ன?

— அப்பா, உனக்குப் பின்னாடி எதுக்குத் துண்டு தொங்குது?

— இங்க வெயிலு பாப்பா. தம்மாமுல பயங்கர வெயிலு.

— அது நம்ம வீட்டுத் துண்டு. ஓரத்துல கறை இருக்கு பாரு. நாந்தான் கொழம்பு ஊத்துனேன்.

— இங்கயும் அதே மாதிரி விக்கிறாங்க.

— கறையோடயா? மோட்டார் சத்தமும் கேக்குது.

— அது ட்ரெய்லர் சத்தம்.

— பொய் சொல்லாத அப்பா. நீ நம்ம மோட்டார் ரூமுலதான இருக்க?

— நிலா... அப்ப வீட்டுக்கு வந்திருக்கிறவரு யாருன்னு உனக்குத் தெரியுமா?

— நீதான்.

— எப்பத் தெரியும்?

— ஆட்டோல இருந்து எறங்கி “பவி”ன்னு கூப்டேல்ல, அப்பவே தெரியும்.

— தெரிஞ்சும் ஏன் சாமி, கிட்டவே வரல? தூக்க வந்தா ஓடிப்போயிடுற. வாங்க போங்கங்கிற. அப்பா மேல கோவமா?

— கோவம் இல்ல.

— பின்ன? சொல்லு தங்கம். போன்லதான பேசுறோம்? எப்பவும் போலச் சொல்லு.

— நீ நேர்ல வந்தா சொல்லாமப் போயிருவ.

— நான் எப்படா சொல்லாமப் போனேன்?

— முன்னாடி வந்தப்ப. உன் சட்டையப் புடிச்சுக்கிட்டுத்தான் படுத்தேன். எந்திரிச்சுப் பாத்தா கையில சட்டை மட்டும் இருக்கு. நீ இல்ல.

— உனக்கு... அது உனக்கு ஞாபகம் இருக்கா பாப்பா?

— மாட்டுக் கொட்டத்துல தேடுனேன். கட்டிலுக்கு அடியில தேடுனேன். அம்மா கடைக்குப் போயிருக்காருன்னு சொல்லுச்சு. நான் வாசல்லயே உக்காந்திருந்தேன். போன்ல இருக்குற அப்பா அப்படிப் பண்ணதே இல்ல, தெரியுமா? “வைக்கட்டா பாப்பா?”ன்னு கேப்ப. நான் சரின்னு சொன்னாத்தான் வைப்ப. எனக்கு அந்த அப்பாவே போதும். அப்பா? அம்மா, அப்பா துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு.

— குடுடி போனை, இங்க குடு. என்னங்க... கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன். அழாதீங்க. நாந்தான சொன்னேன், தூங்கும்போதே கெளம்பிருங்க, முழிச்சா அழுவான்னு? சட்டையக் கழட்டிட்டு வேற சட்டை போட்டுட்டுப் போங்கன்னு எடுத்துக் குடுத்ததும் நாந்தான். பச்சைப் புள்ள, மறந்துரும்னு நெனைச்சேன்.

— பவி, போனை அவகிட்டக் குடு.

— என்ன சொல்லப் போறீங்க? வேணாங்க, அந்தப் பேச்சு இப்ப வேணாம்.

— குடுங்கிறேன்ல. அவளுக்குத் தெரியட்டும்.

— ...இந்தாடி. அப்பா பேசுறாரு.

— ம்.

— நிலா, நல்லாக் கேட்டுக்கோ. அப்பா திரும்பிப் போகணும். அங்க வேலை இருக்கு. திண்டுக்கல்லு மாரியம்மன் கோயில் திருவிழா, தெப்பம் எல்லாம் பாத்துட்டு, மறுநா விடியக்காலம் போறேன்.

— இருட்டா இருக்கும்போதா?

— ஆமா, இருட்டாத்தான் இருக்கும். ஆனா உன்னைய எழுப்புவேன். நீ முழிச்சு, மூஞ்சி கழுவி, வாசல்ல வந்து நின்னு சரின்னு சொல்லணும். அழுகை வந்தா அழு. நானும் அழுவேன், உங்கம்மாவும் அழுவா. மூணு பேருமா அழுதுட்டு, பெறகுதான் நான் வண்டியில ஏறுவேன். சொல்லாமப் போக மாட்டேன்.

— அதுக்கு அடுத்த தடவ வந்தா?

— அப்பவும் சொல்லிட்டுத்தான் போவேன். எப்பவும்.

— திருவிழாவுல ராட்டினம் ஏத்தி விடுவியா?

— நானும் ஏறுறேன்.

— நீ ஏறுனா ஒடைஞ்சிரும்.

— ஒடைஞ்சா எறங்கி நடந்து வருவோம்.

— தெப்பம் எப்ப வரும்?

— இப்பத்தான கொடியே ஏத்திருக்காங்க. இன்னும் நெறைய நாளு கெடக்கு பாப்பா.

— நெறையன்னா எம்புட்டு?

— உனக்குச் சலிச்சுப் போற அளவுக்கு. போதுமா? ...நிலா? அலோ? பாப்பா, சரியா? பவி, என்ன சத்தத்தையே காணோம்? அழுகுறாளா?

— இல்லங்க. தட்டுல பாதிச் சோறு கெடக்கு. போனை எங்கையில திணிச்சுட்டு ஓடிட்டா.

— எங்கிட்டு ஓடுனா?

— தெரியல, நான் வாசலுக்கு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம். செத்த இருங்க, பாக்குறேன்...

— அப்பா, கதவைத் தொற! செருப்புப் போடாம ஓடியாந்துட்டேன், காலு சுடுது. தூக்கு!