பத்துப் பேர் சொல்லும் காதல்

வெள்ளவத்தையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், முன்சீட்டு இளைஞன் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டது காதில் விழுந்தது.

“அக்கா, ‘உன்னை மட்டும்தான் நேசிக்கிறேன்’ எண்டு பத்துப் பேர் சேர்ந்து பாடினா ஆர் நம்புவினம்?”

மடியிலிருந்த இசைத்தாள்களை அவர் தட்டி அடுக்கினார்.

“குவாயர் எண்டா அப்பிடித்தான். பியானோவும் இல்லை, தபேலாவும் இல்லை. நான் மெட்டுப் போட்ட உம்மட கவிதையைக் குரலாலதான் தூக்கவேணும். நீர் தனியச் சொன்னா நம்புவாளோ?”

“நான் இன்னும் சொல்லேல்லை.”

“ஆருக்கு எழுதினனீர்?”

“உங்கட குவாயரில முன்வரிசையில நிக்கிற, கண்ணாடி போட்ட பிள்ளைக்கு.”

“கடவுளே! அப்ப உம்மட காதலை ஒரு மாசமா அவளே பாடிக்கொண்டு நிக்கிறாள்!”

“அதைத்தான் சொல்லுறன். அந்த வரியை ஆம்பிளையளுக்கு மாத்திவிடுங்கோ, அக்கா.”

“முதல்ல அவையளுக்குத்தான் போட்டனான். எழுதினது ஆர் எண்டு அவள் கேட்டாள், உம்மட பேரைச் சொன்னன். அடுத்த பிராக்டிஸில வந்து, ‘அந்த வரியை எங்களுக்குத் தாங்கோ’ எண்டு அவள்தான் கேட்டு வாங்கினவள்.”

பம்பலப்பிட்டியில் இறங்கப் பெல் அடித்திருந்தவன், எழும்பாமலே இருந்தான். கொண்டக்டர் சிங்களத்தில் ஏசினார்.

“இறங்கேல்லையோ?” என்றார் அந்தப் பெண்.

“இண்டைக்குக் கொட்டாஞ்சேனையில பிராக்டிஸ் எத்தினை மணிக்கு, அக்கா?”