பொட்டு வைத்த பம்புகள்

பஸ்ஸில் கத்திப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பெரியநாயக்கன்பாளையத்தில் ஏறிய இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் முன்சீட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தார்கள்.

“பம்பு கம்பெனில சோதனைக்கு வெச்ச நம்ம ஏஐ கேமரா அத்தனை பம்பையும் பழுதுன்னு தள்ளிப்போட்டுதுங்க அக்கா!”

“ஐயோ, கம்பெனி ஓனர் முன்னாடியா? நம்ம யுனிவர்சிட்டியோட சேர்ந்து இந்த ஆராய்ச்சியைச் செய்யறதா வேண்டாமான்னு இன்னைக்குத்தானே சொல்றேன்னாரு, புள்ள?”

“ஆமாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா, நேத்து ஆயுத பூஜைக்கு எல்லாப் பம்புக்கும் சந்தனம், குங்குமம் வெச்சிருக்காங்க. அதைக் கறைன்னு புடிச்சிருக்குது.”

“போச்சு!”

“எங்கீங்க போச்சு? ‘இத்தனூண்டு குங்குமத்தைக்கூட உங்க கேமரா உடலியே அம்மணி, இதுதான் எனக்கு வேணும்’னு சிரிச்சுட்டே கையெழுத்துப் போட்டுட்டாருங்க!”

அக்கா போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நின்றது. ஒருவரும் திட்டவில்லை. நானும்தான்.