அடுக்குக் கேக்கும் வாந்திப்பூண்டும்

ஆப்பிள் விழுதில் கிராம்பு போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. சுக்கு போதும். கிராம்பு போடுகிறார்கள் என்றால் ஆப்பிளில் ஏதோ குறை இருக்கிறது, அதை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் அம்மாவும் கிராம்பு போடுவாள், லான்ஸோ தம்பி. அதைக் குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம், தங்கமான மனுஷி. நீங்கள் துணை ஷெரீப்பாகி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் சமையலறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவளுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். பென்சிலைச் சீவிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகத்தான் சொல்வேன்.

நீங்கள் வந்தது என் தங்கையின் கல்யாணக் கேக்கில் கோர்டி சுட்டுத் தந்த அடுக்கைப் பற்றி விசாரிக்க. கோர்டி பழைய பன்றிக்கொழுப்பில்தான் சுடுவாள், அது ஊரறிந்த விஷயம். ஆனால் அவள் அடுக்கில் அன்று ஒரு கோளாறும் இல்லை. கொஞ்சம் தடிமன், ஓரத்தில் கருகல், அவ்வளவுதான்.

நம் கென்டக்கிக் கல்யாணம் உங்களுக்குத் தெரியும். ஆனால் நீதிபதி வெளியூர்க்காரர், அவருக்காக எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஓர் அடுக்கு. ஒவ்வொருத்தியும் தட்டு அளவுக்கு ஒன்று சுட்டுக் கொண்டுவருவாள். பெண் வீட்டில் உலர்ந்த ஆப்பிளை வேகவைத்து, மசித்து, சோளப்பாகு ஊற்றிக் கிண்டி, அடுக்குக்கு அடுக்கு தடவி ஊற வைப்போம். கேக் எவ்வளவு உயரமோ அவ்வளவு மரியாதை கல்யாணப் பெண்ணுக்கு. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒருத்திக்கு மூன்று அடுக்குதான் சேர்ந்தது. பிள்ளை குட்டி பெற்ற பிறகும் அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்கிறாள். என் தங்கை வெஸ்டாவின் கேக் சாய்ந்துவிடுமோ என்று பயப்படும் உயரம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அவளை நான் எப்படி வளர்த்திருக்கிறேன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வளர்த்தது நான்தான். அம்மா போனபோது அவளுக்கு நடக்கக்கூடத் தெரியாது. போதாக்குறைக்கு மூச்சிரைப்பு வேறு. பனி இறங்கினால் போதும், நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். அவளுக்காகத்தான் வாந்திப்பூண்டு வளர்க்கக் கற்றுக்கொண்டேன். பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். பார்க்க அழகான செடி. நகத்தளவு வெளிர்நீலப் பூ, அதன் கீழே காற்றடைத்த பை மாதிரிக் காய். விதை தூசியைவிடப் பொடி. அதை மண்ணில் புதைத்தால் முளைக்காது. மேலே தூவி, உள்ளங்கையால் லேசாகத் தட்டி, வெளிச்சம் படும்படி விட்டுவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது வராது. கோர்டி என்னிடம் விதை வாங்கிப்போய், மண்ணைப் போட்டு மூடி, தண்ணீரை வாளியோடு கவிழ்த்துவிட்டு, கைராசி இல்லை என்று புலம்பினாள்.

கொஞ்சமாகக் கொடுத்தால் நெஞ்சு திறக்கும். சற்றே கூடினால் வயிறு கவிழும். அதற்கும் மேலே போனால் என்ன ஆகும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த முதல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு எனக்குத் தெரியும். எத்தனையோ இரவுகள் வெஸ்டாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டே கற்ற பாடம் அது.

அவளுக்கு ஒரு குணம். பிரயாணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. லெக்ஸிங்டனில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது, பெட்டி கட்டியாயிற்று, கிளம்புகிற அன்று காலையில் வயிறு கவிழ்ந்தது. அந்த வருஷம் போகவில்லை. பிறகு சின்சினாட்டியில் இருக்கும் பெரியம்மா மகள் தையல் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை பார்த்து வைத்தாள். அப்போதும் அதேதான், பஸ் வருவதற்குள் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுக்கப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன், நெற்றியைத் துடைத்துவிட்டேன். ஒரு முறைகூட முகம் கோணியதில்லை. டவுன் டாக்டர் இது நரம்புத் தளர்ச்சி என்றார். படித்தவர் சொல்கிறார், நான் எதற்கு மறுத்துப் பேச வேண்டும்? கிளம்புவதற்கு முன்னால் நெஞ்சுக்கு இதமாக இருக்கட்டுமே என்று நான் கொடுத்த டீயைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அப்புறம் எஸ்டில் என்கிற நம் மலைப் பையன் அவளைப் பெண் கேட்டு வந்தான். ஓஹையோவில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை, பளபளவென்று ஒரு கார், அதைவிடப் பளபளவென்று தலைமுடி. பையன் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் நாளே என் கோழிக்குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கல்யாணம் முடிந்த கையோடு ஓஹையோவுக்குப் போய்விடுவோம் என்று சொன்னான் பாருங்கள், அதுதான். அங்கே மலையே கிடையாதாம். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாக இருக்கும் ஊரில் என் தங்கை எதைப் பார்த்து எழுந்திருப்பாள்?

நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நிச்சயமான நாளிலிருந்து அவள் நடவடிக்கை மாறிவிட்டது. தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே கொதிக்கவைத்தாள். நான் பிசைந்த மாவைத் தொடவில்லை. டீ கொண்டுபோனால் சன்னல் விளிம்பில் வைக்கச் சொல்வாள், அது அங்கேயே ஆறிக் கிடக்கும். கல்யாணப் பெண்ணுக்கு ஆயிரம் யோசனை இருக்கும் என்று நானும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே, "அக்கா, இந்தத் தடவ எனக்கு வயித்துக்கு ஒண்ணும் வராது, பாத்துக்கோ" என்றாள்.

"வராம இருந்தா சந்தோஷந்தான்டி" என்றேன்.

"உனக்கு சந்தோஷமா?"

"எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் துணியைத் திரும்ப உதறி மடித்தாள். ஏற்கெனவே ஒழுங்காகத்தான் மடித்திருந்தாள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள், தம்பி. வீட்டுச் சாப்பாட்டைத் தொடாதவள், ஊரே சேர்ந்து சுட்ட தன் கல்யாணக் கேக்கை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அது ஒவ்வொரு வீட்டின் முகத்திலும் துப்பியது போல ஆகிவிடும். அவள் துண்டில் மட்டும் வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது நியாயமில்லை. அவள் ஒருத்திக்கு மட்டும் வந்தால் மறுபடியும் நரம்புத் தளர்ச்சி என்பார்கள், மாப்பிள்ளை அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விடுவான். எல்லோருக்கும் வந்தால் அது ஊர்க் கஷ்டம், யார் மீதும் பழி வராது. மாப்பிள்ளையும் ஸ்டியரிங்கைப் பிடிக்க மாட்டான். அப்புறம் பனி விழும், மலைப்பாதை மூடும், வசந்தம் வரை பேசிக்கொள்ள அவகாசம் இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கொஞ்ச அவகாசம்தான்.

விழுதில் சுக்கைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். தொண்டை கரித்தால் சுக்கின் மீது பழி போகட்டும் என்றுதான். நானும் சாப்பிட்டேன், அதையும் எழுதுங்கள். ஊரார் வயிற்றைக் கவிழ்த்துவிட்டு நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறவள் இல்லை.

சர்ச் முற்றத்தில் பந்தி. போதகர் ஜெபம் சொன்னார், கேக்கை வெட்டினோம், எல்லோரும் என் விழுதைப் பாராட்டினார்கள். முதலில் எழுந்தவர் பிடில்காரர். பாட்டைப் பாதியில் நிறுத்தி, பிடிலைப் பத்திரமாக நாற்காலியில் வைத்துவிட்டு வேலிப்பக்கம் நடந்தார். அவர் பாட்டைப் பாதியில் விட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்து போதகர், ஒரு கையால் வாயையும் மறு கையால் பைபிளையும் பிடித்துக்கொண்டு. பிறகு வரிசை கிரமம் எதுவும் இல்லை. சேர்ந்தாற்போல் ஒரு ஊரே குனிந்தது. வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பங்காளிகள் ஒரே வாளியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வெஸ்டா சாப்பிடவில்லை. நான் கொடுத்த தட்டைக் கையில் வைத்திருந்தாள், சிரித்தாள், எல்லோருக்கும் நன்றி சொன்னாள், முள்கரண்டியால் கிளறினாள். வாய்க்குப் போகவில்லை. அவள் துண்டில் மட்டும்தான் ஏதோ இருக்கும் என்று நினைத்திருக்கிறாள் போல. மற்றவர்கள் விழ ஆரம்பித்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தட்டைப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு, கல்யாணக் கவுனின் கையை மடக்கிக்கொண்டு ஒவ்வொருவராகத் தூக்கிப் பிடிக்கப் போனாள். என்னையும் பிடித்தாள். நர்ஸ் படித்திருந்தால் நன்றாகத்தான் செய்திருப்பாள்.

எஸ்டிலும் நிமிர்ந்தே நின்றான். பையனுக்கு ஆப்பிளே பிடிக்காதாம். பிறந்ததிலிருந்து தொட்டதில்லையாம். ஆப்பிள் பிடிக்காத ஒருவன் இந்த மலையில் பிறந்து வளர்ந்திருக்கிறான், எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோழிக்குழம்பில் கலந்திருப்பேன்.

அவன் பெரியப்பா ஹோபர்ட் மூன்று துண்டு சாப்பிட்டார். இருதயக்காரர், இனிப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் பாலம் தாண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. வெஸ்டாதான் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷர். அடக்கத்துக்கு நான் புது மேசைத்துணி கொடுத்தேன்.

அப்புறம்தான் அடுக்குப் பஞ்சாயத்து ஆரம்பித்தது. வயிறு காலியானதும் வாய் திறந்தது. அவரவர் தன் அடுக்கை விட்டு அடுத்தவர் அடுக்கைக் காட்டினார்கள். மேலடுக்கு முட்டை பழசு என்றார்கள், நடு அடுக்கில் எலி ஓடியது என்றார்கள், எப்போதோ வேலி தாண்டிய பன்றியைப் பற்றியெல்லாம் பேச்சு வந்தது. கடைசியில் எல்லா விரலும் கோர்டி பக்கம் திரும்பியது. "நீ கொண்டாந்ததத் தின்னுதான்டி மனுஷன் செத்தான்" என்று ஹோபர்ட்டின் பெண்சாதி முகத்துக்கு நேரே சொன்னாள். கோர்டி மீதியிருந்த கேக்கிலிருந்து தன் அடுக்கைப் பிய்த்து, எல்லோர் எதிரிலும் நின்று தின்று காட்டினாள். அதில் என் விழுது ஒட்டியிருந்தது. பாவம், அதன் பிறகு அவளுக்கும் வந்தது, ஊருக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

என் விழுதை ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. கண்காட்சியில் பரிசு வாங்கிய விழுது. குளிர்காலம் முழுக்க கோர்டி சர்ச்சுக்கு வரவில்லை. போன மாதம் நடந்த கல்யாணத்துக்கு அவள் சுட்ட அடுக்கை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் அவளுக்கு சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னை மட்டும்தான் உள்ளே விடுகிறாள்.

அடக்கம் முடிந்த அன்றே வெஸ்டா கிளம்பிவிட்டாள். கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கு மூச்சு முட்டுறது இங்க மட்டுந்தான்னு எப்பவோ தெரிஞ்சிருக்கணும். என்னைப் பாக்கன்னு வராத. நானும் வரமாட்டேன்" என்றாள். களைத்துப்போனால் அப்படித்தான் ஏதாவது சொல்வாள், சின்ன வயசிலிருந்தே அந்தப் பழக்கம். நான் உலர்த்திய வாந்திப்பூண்டைப் பார்சல் கட்டி அனுப்பினேன். பிரிக்காமல் திரும்பி வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கோழியை அடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை. அன்றைக்கு ரொம்ப அழுதேன், அதை மறைக்க வேண்டியதில்லை. இப்போது அவள் முழுகாமல் இருப்பதாக எஸ்டிலின் அம்மா சொல்கிறாள். பிள்ளைக்கும் அவளைப் போலவே மூச்சிரைப்பு இருக்கலாம். அந்தத் தட்டையூரில் யாருக்கு என்ன தெரியும்? இந்த வசந்தத்தில் புதுப்பாத்தி போட்டிருக்கிறேன், நன்றாக முளைத்திருக்கிறது.

நீங்கள் வாசலில் நின்று, கோர்டி மீது வழக்கு வரப்போகிறது, கல்யாணத்துக்கு வந்திருந்த எல்லோரும் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும், வெளி மாநிலம் போனவர்களும் வந்துதான் ஆகவேண்டும் என்று சொன்னீர்கள். அதைக் கேட்டதும்தான் உங்களை உள்ளே கூப்பிட்டேன். கோர்டிக்காக வெஸ்டா அவ்வளவு தூரம் வருவாளா என்பது சந்தேகம். ஒரு அடுக்கு கேக்குக்காக யார் கர்ப்பத்தோடு காரில் ஏறுவார்கள்?

ஆகவே இப்படி எழுதுங்கள். ஒர்லீனா ஆகிய நான் ஆப்பிள் விழுதில் வாந்திப்பூண்டை வேண்டுமென்றே கலந்தேன். ஹோபர்ட் அதனால்தான் செத்தார். முன்பு இரண்டு முறை என் தங்கைக்கு டீயில் கொடுத்ததும் நான்தான். இதை யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

வெஸ்டாவை முதல் சாட்சியாகக் கூப்பிடச் சொல்லுங்கள், தம்பி. பின்னால் கூப்பிட்டால் வெகு நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், இடுப்பு வலிக்கும். என் பெயரைச் சொன்னாலே போதும், அந்த நிமிஷமே புறப்பட்டு ஓடி வருவாள், அவளை எனக்குத் தெரியாதா. இருந்தாலும் சம்மனை அனுப்பிவிடுங்கள்.