அதே தழும்பில்

மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில், மடியில் தூங்கும் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஓர் அம்மாவும் அவருடைய வளர்ந்த மகளும். ஒட்டுக்கேட்பது சரியில்லைதான். ஆனாலும் கேட்டேன்.

“எனக்கு உங்க கிட்னி வேணாம்மா. கண்டி கிளினிக்குக்கு நான் வரல. வழியில பலாபத்வலயில எறங்கி வீட்டுக்கே திரும்பிருவோம்.”

“ஏன் புள்ள, என் கிட்னி அவ்வளவு மட்டமா?”

“வெளையாடாதீங்க. உங்க வயித்த வெட்டணும்.”

“பெருசா வெட்ட மாட்டாங்களாம். சின்னச் சின்ன ஓட்ட போட்டு, கேமராவுல பாத்தே செய்வாங்களாம்.”

“சில நாட்டுல ரோபோ கை செய்யுதாம். டாக்டர் தள்ளி உக்காந்துக்கிட்டே அத ஆட்டுவாராம். போன்ல பாத்தேன்.”

“ஒங்கப்பா பக்கத்துல உக்காந்தே ஒரு தேங்காய ஒழுங்கா ஒடைக்க மாட்டாரு.”

மகள் சிரிக்கவில்லை. “அந்தச் சின்ன ஓட்டையால கிட்னி எப்புடி வெளிய வரும்?”

“அதுக்கு மட்டும் அடிவயித்துல கீறுவாங்க. ஒன்னைய ஆபரேசன் பண்ணி எடுத்தாங்கல்ல, அதே தழும்புலதான்னு டாக்டர் சொன்னாரு.”

என் பிள்ளையையும் அப்படித்தான் எடுத்தார்கள். என் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“அப்ப ரொம்ப வலிச்சிச்சாம்மா?”

“வலிச்சிச்சு. நீ வேற கத்து கத்துன்னு கத்துன. இது சத்தம் போடாது.”

கண்டக்டர் “பலாபத்வல” என்று குரல் கொடுத்தார். பஸ் நின்றது. மகள் எழுந்தாள். நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன்.

“ஜன்னல் பக்கம் தள்ளி உக்காருங்கம்மா,” என்றாள். “கண்டி வரைக்கும் காத்து வரும்.”