வெர்லீன் பெயர் ஒட்டிய பாத்திரம்

பீச் பழமும் மாவும் சேர்த்துச் சுட்ட காப்ளரை ஓவனிலிருந்து எடுத்த கையோடு சாப்பிடக் கூடாது, மிஸ்டர் டாலிவர். கொஞ்சம் ஆற விட வேண்டும். சூட்டோடு கரண்டியைப் போட்டால் பீச் சாறு பாத்திரம் முழுக்க ஓடிவிடும், நாக்கும் வெந்துபோகும். அது ஆறுகிற நேரத்தில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாம்பல் நிறத் தொப்பியை இப்படிக் கொடுங்கள், மாட்டி வைக்கிறேன். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். இது அக்காவுடையது. பரவாயில்லை, உட்காருங்கள்.

நேற்று அக்காவின் அடக்கம் முடிந்து சர்ச்சில் சாப்பாடு போட்டபோதே நீங்கள் கேட்க நினைத்தீர்கள், பார்த்தேன். சிஸ்டர் கோரீன் உங்களைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இன்று காலையில் வந்து கதவைத் தட்டி இந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை நீட்டினீர்கள். அடியில் ஒட்டிய டேப்பில் அக்கா எழுதிய அவள் பெயர், ‘வெர்லீன்’, இன்னும் அழியவில்லை. அடுத்தவர் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதை டெட்ராய்ட்டில் இத்தனை காலம் இருந்தும் நீங்கள் மறக்கவில்லை. வழியில் சாலையோரக் கடையில் பீச் வாங்கி நிரப்பிக் கொண்டுவந்தீர்கள். பழத்தை நான் வாங்கிக்கொண்ட பிறகுதான் கேட்டீர்கள்.

“ஐடெல்லா, கடைசில அவளுக்கு என் ஞாபகம் கொஞ்சமாவது இருந்துச்சாம்மா?”

முதலில் காப்ளர் போட்டுவிடுகிறேன் என்றேன். கை வேலையாக இருந்தால் எனக்குப் பேச வரும். ஆனால் உங்கள் எதிரில் மாவு கலக்கும்போது வாயே திறக்க முடியவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன்.

அக்கா காப்ளர் போடுவதை நீங்கள் பார்த்ததில்லை, தின்றிருக்கிறீர்கள். வெண்ணெயைப் பாத்திரத்தில் போட்டு ஓவனில் உருக விடுவாள். மாவு, சர்க்கரை, பால் மூன்றையும் கரைத்து அதன்மேல் ஊற்றுவாள். அதற்கு மேலே பழம். கரண்டியை உள்ளே விடவே மாட்டாள். வேக வேக, அடியில் கிடந்த மாவு தானாக மேலே ஏறி வந்து பழத்தை மூடிக்கொள்ளும். சிறுமியாக இருந்தபோது ஓவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அது ஏறுவதைப் பார்ப்பேன். அக்கா என் பின்னால் நின்று தலை பின்னிவிடுவாள். எங்கள் அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் அவள்தான். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் எனக்காகத் திருப்பி அனுப்பினாள். என் தங்கச்சியை யார் பார்த்துக்கொள்வது என்பாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று உங்களுக்குப் புரியாது. நான் ஒரு நாள்கூடத் தனி வீட்டில் தூங்கியவள் இல்லை.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். வடக்கே பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் ஊர் திரும்பி சர்ச்சில் விருந்து சாப்பிடும் அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமையில், மனைவியை இழந்தவராக, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்தீர்கள். அக்கா காப்ளரை மூன்று தட்டு சாப்பிட்டீர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க சனிக்கிழமை காலையில் போன் அடித்தது. அறுபதைத் தாண்டியவள், மாவுக் கையோடு ஓடுவாள். அடுத்த ஆகஸ்ட்டில் இங்கே சர்ச்சில் கல்யாணம், அப்புறம் டெட்ராய்ட் என்று பேசி முடித்தீர்கள். என்னையும் கூட வரச் சொன்னீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே, விருந்துக்கு வந்தவரை இன்னும் கொஞ்சம் இருங்களேன் என்பது போல. நான் வரவில்லை என்றதும் உங்கள் இருவர் முகமும் தெளிந்தது. அதை நான் பார்த்தேன். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

முதல் தடவை நான் எதையும் திட்டமிடவில்லை. ஜூன் மாதம், முதல் பழம் வந்த சமயம். மாவு கரைத்துக்கொண்டிருந்தாள், உங்கள் போன் வந்தது. சிரித்துப் பேசிவிட்டுத் திரும்பி வந்து கிண்ணத்தைப் பார்த்து நின்றாள்.

“ஏண்டி டெல்லா, நான் சர்க்கரை போட்டேனா?”

போடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “போட்டியே அக்கா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனில் சிரித்த சிரிப்பு எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு வாய் வைத்ததும் அவள் முகம் வாடிவிட்டது. போட்டதாக நீயும் பார்த்தாயே என்று என்னைக் கேட்கவில்லை. போட்டதாகத் தனக்கே நினைவிருப்பதாகச் சொன்னாள். நான் சொன்ன பொய்யை அவளே கண்ணால் கண்டதாக நம்பிவிட்டாள். அவளுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அன்று அவள் முகத்தில் ஒரு பயம் தெரிந்தது. எங்கள் அம்மாவின் தங்கை ஒருத்தி புத்தி மறந்துதான் செத்தாள். அக்காவுக்கு அந்தப் பயம் எப்போதும் உள்ளே உண்டு. பயந்தபோது அவள் உங்களுக்குப் போன் செய்யவில்லை, மிஸ்டர் டாலிவர். என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்து ரொட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். அணைத்த அடுப்பை மறுபடி திருகிவிட்டு அக்கா, அடுப்பு எரிகிறதே என்று கூப்பிட்டேன். குரலை உயர்த்தியதே இல்லை. தேடிக் கொடுத்தேன், அணைத்துவிட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அதெல்லாம் நடிப்பு இல்லை. அவள் அழுதபோது நானும் நிஜமாகவே அழுதேன்.

பிறகு அந்த ஆகஸ்ட் ஞாயிறு. அதை நீங்களும் அறிவீர்கள், ஒன்றைத் தவிர. அக்கா மாவைக் கரைத்து வைத்துவிட்டு உடை மாற்றப் போனாள், நான் அதில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டேன். அந்த உப்பு என்னுடையது.

சர்ச் மரத்தடியில் மேசை போட்டு எல்லாருடைய பாத்திரமும் வரிசையாக இருந்தது. எல்லாரும் முதலில் தேடியது இதைத்தான். எங்கள் ஜனங்கள் மரியாதைக்காரர்கள். ஒரு வாய் வைத்தார்கள், நாப்கினை வாயில் வைத்துத் துடைத்துக்கொண்டார்கள், தட்டை மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளினார்கள். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார், ஜெபம் செய்கிறார் என்றே நினைத்தேன். சிஸ்டர் கோரீன் மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். “கல்யாணக் களை மூளைக்கு ஏறிடுச்சு போல. கடல் தண்ணில மாவு கரைச்சிருக்கா.”

நீங்கள் உங்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. எழுந்து போய் இந்தப் பாத்திரத்தையே தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, “இது என் பங்கு. வேற யாரும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், கிழவனுக்கு ஆசையைப் பார் என்று. அவள் மானத்தைக் காப்பாற்ற அப்படிச் செய்தீர்கள், பாத்திரத்தையும் உங்களோடு கொண்டுபோனீர்கள். அக்கா சிரிக்கவில்லை. உங்கள் தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அந்த நிமிடம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னாள்.

“அந்த மனுஷன் முதல் பெண்டாட்டிக்கு ஊட்டிவிட்டு, குளிப்பாட்டி விட்டு, கடைசில அவ வாயாலயே ‘நீ யாரு’ன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. இன்னொரு தடவை அதை அவருக்கு நான் பண்ண மாட்டேன்டி.”

இதை நான் எதிர்பார்த்தேனா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் முதல் மனைவி எப்படிப் போனாள் என்பது எனக்குத் தெரியும். அக்கா உங்களை எவ்வளவு நேசித்தாள் என்பதும் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் உப்பை எடுத்திருப்பேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். மறுநாள் முன்வாசலில் உங்களை நிற்க வைத்து, எனக்கு மனசு மாறிவிட்டது, வடக்கே குளிர் ஒத்துக்கொள்ளாது என்று வெட்டினாற்போலச் சொன்னாளே, அப்போது உள்ளே வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

நீங்கள் விடவில்லை. சனிக்கிழமை போன் வந்துகொண்டே இருந்தது. தூங்குகிறாள் என்று சொல்லச் சொன்னாள். இந்தக் கூடத்தில், இரண்டு கை தூரத்தில் நின்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், ரிசீவரிலிருந்து உங்கள் குரல் கொஞ்சம் வெளியே கேட்குமா என்று. ஒரு சனிக்கிழமை அவள் தோட்டத்தில் இருந்தபோது போன் வந்தது. அவளுக்கு உங்கள் பெயரே நினைவில்லை, கேட்டால் மிரள்கிறாள், இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று நான் சொன்னேன். அது அவள் சொல்லச் சொன்னதல்ல. அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டீர்கள். பிறகு நன்றி என்றீர்கள். அடுத்த சனிக்கிழமை அவள் குளித்து, முடி வாரி, போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாள்.

மேக்கன் நகரத்தில் ஒரு டாக்டரிடமும் காட்டினோம். தலையைப் படம் எடுத்தார், கேள்வி கேட்டார், கணக்குப் போடச் சொன்னார், அம்மா, உங்கள் நினைவு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றார். காரில் திரும்பி வரும்போது, “பாவம், நல்ல மனுஷன். என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாரு” என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வருடம் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, மறுபடி ஒரு காப்ளர் போட்டாள். அதற்கும் உப்பு போட்டேன். அதற்கப்புறம் அவள் ஓவனைத் தொடவே இல்லை. தண்ணீர் சுட வைக்கக்கூட, “டெல்லா, நான் அடுப்பு பத்த வைக்கலாமா?” என்று என்னைக் கேட்பாள். இந்த ஊரிலேயே கைப்பக்குவத்துக்குப் பேர் போனவள், என் சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். நான் போடுகிற காப்ளர் அடியில் பிடித்துவிடும். நன்றாக இருக்கிறது என்பாள்.

குறை வைக்காமல் பார்த்துக்கொண்டேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவள் என் தலையைப் பின்னியது போல நான் அவள் தலையைப் பின்னிவிட்டேன். நெஞ்சு வலி வந்த அன்று காலையில்கூட, “நீ இல்லேன்னா என்னை யாருடி சகிச்சுக்கிட்டிருப்பா” என்று என் கன்னத்தைத் தொட்டாள். அந்த இடம் இன்னும் எரிகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அவள் ஒன்றையும் மறக்கவில்லை, மிஸ்டர் டாலிவர். முதல் ஞாயிறு நீங்கள் போட்டிருந்த கோட்டின் பொத்தான் நிறம்வரை அவளுக்குத் தெரியும். மறந்துவிடுவோம் என்ற பயத்தில் தினமும் உங்களைப் பற்றி வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள், பாடம் படிப்பது போல. சரியாகச் சொல்கிறேனா என்று என்னைக் கேட்பாள். சில நாள் சரி என்பேன். சில நாள், இல்லை அக்கா, அது வேறு யாரோ என்பேன்.

அழாதீர்கள். நான் அவளுக்குக் கெடுதல் நினைத்ததில்லை. அவள் போகக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். அதெல்லாம் அவளோடு போயிற்று, இனி நான் யாரிடமும் அப்படிச் செய்யப் போவதில்லை.

இதோ, ஆறிவிட்டது. உங்களுக்குப் பெரிய துண்டாக வைக்கிறேன். உப்பு டப்பாவைத் தொடவே இல்லை, தைரியமாகச் சாப்பிடுங்கள். ஏன் எழுந்துவிட்டீர்கள்? டெட்ராய்ட் பஸ் நாளைக்கும் இருக்கிறது. அக்கா அறையில் சலவை விரிப்பு போட்டு வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இன்று ராத்திரி வேறு யாரும் இல்லை. அங்கே என்ன தேடுகிறீர்கள், தொப்பியா? நீங்கள் தொப்பி போட்டுக்கொண்டு வரவில்லையே, மிஸ்டர் டாலிவர்.