காற்று நின்ற காலை

“கழுத்த அசைக்காதீங்கப்பா, பலகை எடுத்தாங்க” என்று கத்திக்கொண்டே வலைமேல் முதலில் ஏறியவன் நான்தான். அது எஃகுக் கம்பி வலை. செருப்போடு ஏறினால் வழுக்கும் என்பதால் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். விழுந்து கிடந்த அறிவழகனின் தலையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, உப்பள ஆட்கள் பலகையோடு வரும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உப்பளத்து இருசப்பன் பதற்றத்தில் அவன் தோளைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். கையைத் தட்டிவிட்டேன். உப்பு மூட்டை ஏற்றும் டெம்போவில் படுக்க வைத்துப் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். கூனிமேடு தாண்டும்போது மூச்சு இருந்தது. காலாப்பட்டு வந்தபோது இல்லை. அதுவரை அவன் தலை என் மடியில்தான் கிடந்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. ஊரில் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்கிறார்களாம். கல்நெஞ்சக்காரன் அடுத்தவன் கழுத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டான்.

என் பெயர் கலையரசன். சொந்த ஊர் வானூர் பக்கம். படித்தது மெக்கானிக்கல். ஆலைகளுக்கு ராட்சத விசிறி செய்து தரும் கம்பெனியில் இருந்தேன். காற்றை எங்கிருந்து இழுத்து எங்கே தள்ளுவது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள்.

சக்கரபாணி என்னைத் தேடி வந்தது சுனாமிக்கு அடுத்த மாசம். மரக்காணத்தில் அவருடைய உப்பளத்தில் பாதி கடல் சேற்றில் மூடிப்போயிருந்தது. அதில் இனி உப்பு விளையாது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறானால் சென்னைக் கார்கள் வரிசையாகப் போகின்றன. அவற்றை இங்கே நிறுத்த ஏதாவது செய்ய வேண்டும் என்றார். என்ன செய்யலாம் என்று யோசனை சொன்னது அவருடைய ஒரே மகன் அறிவழகன். அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில் அவன் பறக்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தான்.

விமானமும் வேண்டாம், பாராசூட்டும் வேண்டாம். நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு கோபுரம். அதற்குள் கீழிருந்து மேலே, மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று. அந்தக் காற்றின் மேல் கை காலை விரித்துக் கவிழ்ந்து படுத்தால் ஆள் மிதப்பான். உள்ளே வலை ஒன்று தரை மாதிரி இருக்கும். பக்கத்தில் தடிமனான கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஆள்.

அந்த ஆள் நான். கோபுரமும் என்னுடையதுதான். கீழே விசிறி வைத்துக் காற்றைத் தள்ளினால் அது முறுக்கிக்கொண்டு வரும். நான் உச்சியில் விசிறி வைத்துக் காற்றை மேலே இழுத்தேன். இழுத்த காற்று பட்டுத்துணி மாதிரி நேராக வரும். உப்புக் காற்றில் போல்ட்டுகள் ஒரே மாசத்தில் துரு ஏறிவிடும் என்று ஒவ்வொன்றையும் துருப்பிடிக்காத எஃகில் போட்டேன். கட்டி முடிக்க ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் வானூருக்குப் போகவில்லை, கோபுரத்துக்கு அடியிலேயே படுத்துக்கொண்டேன்.

உப்பள ஆட்களுக்கு அது ஒரு வேடிக்கை. பாத்தியில் உப்பு வாருகிற பொன்னி ஒருநாள் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். “ஏம்பா இஞ்சினீரு, காத்துக்கா டிக்கெட்டு? ஆடி மாசம் எங்க அளத்துல வந்து நின்னுப் பாரு. ஓசியிலயே தூக்கினு போவும்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அறிவழகன் மட்டும் வேறு ஒன்றைக் கேட்டான்.

“கலையண்ணே, நான் மேல இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா?”

“போவட்டும். விசிறித் தண்டுல கனமான இரும்புச் சக்கரம் போட்டிருக்கேன். கரண்ட் நின்னாலும் அது சுத்திகிட்டே இருக்கும். காத்து மெல்ல மெல்லக் கொறையும். நீ எலை மாதிரி எறங்குவ.”

“எலை சரிண்ணே. நான் எழுவது கிலோ.”

ஜெனரேட்டர் வைத்தால்தான் திறக்க வேண்டும் என்று அவன் அப்பாவிடம் நச்சரித்தான். இந்தக் கோபுரத்தை ஓட்டுகிற அளவுக்கு ஜெனரேட்டர் வாங்க சக்கரபாணி தயாராக இல்லை. என் முகத்தைப் பார்த்தார். தேவையில்லை என்றேன். நான் சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

சொன்னதை நிரூபிப்பது என் பொறுப்பு. அதனால் சோதனை செய்தேன். முதலில் மணல் மூட்டை. அதை மிதக்க விட்டுக் கரண்டை நிறுத்தினேன். பொத்தென்று விழுந்தது. மூட்டைக்குக் கை காலா இருக்கிறது, விரித்துக்கொள்ள? அந்தச் சோதனையைத் தள்ளினேன்.

பிறகு ஓர் ஆடு. வானூர்ச் சந்தையில் நல்ல ஆடாகப் பார்த்து வாங்கி வந்தேன். நாலு காலையும் மூங்கில் சட்டத்தில் விரித்துக் கட்டியும் அது உள்ளே திமிறியது. விழுந்த பிறகு கொஞ்ச நேரம் கத்தியது. ஆடு சொன்ன பேச்சைக் கேட்காத பிராணி. அந்தச் சோதனையையும் தள்ளினேன். கறியை ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தேன். பொன்னிகூட வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாவது, கலியன்.

கலியன் உப்பளத்து ஆள். ஒல்லி உடம்பு, எப்போதும் சிரித்த முகம். பறந்து பார்க்கிறாயா என்றேன். “நெசமாவா சார்?” என்று பனியனைக் கழற்றினான். பனியன் இருக்கட்டும் என்றேன். எப்படிப் படுக்க வேண்டும், எப்படிக் கையை விரிக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். கரண்டை நிறுத்தப்போகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு வருகிற வாடிக்கையாளனுக்குக் கரண்ட் சொல்லிவிட்டா போகும்? இரண்டு ஆள் உயரம் எழும்பினான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தான். நிறுத்தினேன்.

அவன் பயந்துபோய் உடம்பைச் சுருட்டிக்கொண்டான், ஐயா. முதுகு வலையில் அடித்தது. விரித்திருந்தால் நிச்சயம் இலை மாதிரி இறங்கியிருப்பான். அவ்வளவு சொல்லிக் கொடுத்தும் சுருட்டியது யார் தப்பு?

ஏணியிலிருந்து விழுந்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவனையும் அப்படியே சொல்லச் சொன்னேன், சொன்னான். வேலை போய்விடும் என்ற பயம். வாரம் தவறாமல் அவன் குடிசைக்குப் போய்ப் பார்த்தேன். பழம் வாங்கிக்கொண்டு போவேன். கால் கட்டைவிரலை அசைக்கச் சொல்வேன். அசையாது. அவன் இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. ஒருமுறை பாயைத் திருப்பிப் போட நானே உதவி செய்தேன்.

அவன் மனைவி தையல்நாயகி என்னை உட்காரச் சொல்ல மாட்டாள். கதவுப் பக்கம் நின்றுகொண்டு கேட்பாள். “ஏணியில வுழுந்தாருன்னு சொல்றீங்க. உள்ள ஏணியே கெடையாதுன்னு இருசப்பன் சொல்றாரு. இவரு செவுத்தப் பாத்துகினு அழுவறாரு. இன்னா நடந்துதுன்னு நீங்களாவது சொல்லக் கூடாதா சார்?”

“விதிம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது நீங்களே என் இடத்தில் இருந்து யோசியுங்கள். மூட்டை விழுந்தது, ஆடு விழுந்தது, ஆள் விழுந்தான். வேறு ஒருவனாக இருந்தால் டிசைன் தப்பு என்று முடிவு கட்டியிருப்பான். நான் அவசரப்படவில்லை. மூன்றிலும் உடம்பை விரிக்கத் தெரியாததுதான் கோளாறு. விரிக்கத் தெரிந்த ஓர் உடம்பு வேண்டும். அப்படி ஒன்று இந்தக் கடற்கரையில் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட மூங்கில் வந்து இறங்கிய சாயங்காலம், அறிவழகன் நேராக கன்ட்ரோல் ரூமுக்கு வந்தான். கலியன் வீட்டிலிருந்து வருகிறேன் என்றான். தையல்நாயகி அவனிடம் அழுதிருக்கிறாள். கலியன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

எனக்கு அவன் கத்துவான் என்று தோன்றியது. கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“எப்புடிண்ணே தூங்குறீங்க?” என்றான்.

எனக்குத் தூக்கம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

“இத நாளைக்கு அப்பாகிட்ட சொல்லணும். தொறக்க வேணாம். கலியனுக்கு வைத்தியம் பாக்கணும். டிசைனை அமெரிக்காவுல ஒருத்தர்கிட்ட அனுப்பித் திருத்திக்கலாம். நான் சொல்றதவிட நீங்களே சொன்னா உங்களுக்கு மரியாதை. காலைல வரைக்கும் டைம் எடுத்துக்கோங்க.”

நல்ல பையன். என் மரியாதையைப் பற்றிக்கூட யோசித்திருக்கிறான். ஆனால் திருத்திக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னான், பாருங்கள். ஒரு வருடம் நான் படுத்து எழுந்த கோபுரத்தை யாரோ ஒருவன் பென்சிலால் திருத்துவான்.

“சரிடா தம்பி, நானே சொல்றேன்” என்றேன். “காலையில அப்பாவ வரச் சொல்லு. சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவ அவருக்குப் பறந்து காட்டிடு. மனுஷன் ஒருதடவகூட உன்ன முழுசா பாக்கல. அப்புறம் எப்ப ஓடுமோ.”

அவன் கண் கலங்கியது. என் கையைப் பிடித்து அழுத்தினான். “நீங்க லீவர்ல இருந்தா எனக்குப் பயமே இல்லண்ணே” என்றான். முன்பும் பலமுறை சொன்னதுதான். கலியனைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் அதைச் சொன்னான். மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு வியப்பாக இருந்தது.

அன்றைய பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தது. மறுநாள் மரக்காணம் சுற்று வட்டாரத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணி முதல் மின்சாரம் இருக்காது. இங்கே இது எல்லோருக்கும் பழக்கம். பெண்கள் விடியற்காலையிலேயே குடங்களில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார்கள், மாவரைப்பவர்கள் முந்தின நாளே அரைத்துவிடுவார்கள். அறிவழகன் சென்னை ஹாஸ்டலிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தவன். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. சக்கரபாணி பேப்பரில் உப்பு விலையைத் தவிர எதையும் படிக்க மாட்டார்.

எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. என் குற்றம் அதுதான், அதை நான் முதல் நாளிலிருந்தே ஒப்புக்கொண்டுதான் வருகிறேன்.

காலையில் சக்கரபாணி வெள்ளை வேட்டியில் வந்தார். கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அறிவழகன் உடுப்பு மாட்டிக்கொண்டு, ஹெல்மெட் வாரைப் போட வராமல் திணறினான். நான்தான் போட்டுவிட்டேன்.

“டேய், பாத்துடா” என்றார் அப்பா.

“சும்மா இருப்பா, நீ பயந்து என்னையும் பயமுறுத்தாத” என்று சிரித்துக்கொண்டே காற்றுக்குள் சாய்ந்தான்.

அழகாகப் பறந்தான். அதை நான் மறுக்க மாட்டேன். கவிழ்ந்து மிதந்தான், மல்லாந்து மிதந்தான், மீன் மாதிரி சுற்றினான். சக்கரபாணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “யோவ் இருசப்பா, இங்க வாய்யா, எம்புள்ளயப் பாருய்யா” என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒன்பதாகக் கொஞ்ச நேரம் இருந்தது. நான் கண்ணாடியைத் தட்டி, மேலே போ என்று கை காட்டினேன். காற்றைக் கூட்டினேன். முப்பது அடிக்குப் போனான். அப்புறம் விரலைத் திருப்பி, தலைகீழாக நில் என்று காட்டினேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உடம்பை விரித்தவன் எப்படி இறங்குகிறான் என்று பார்ப்பதுதான் சோதனை என்றால், தலைகீழாக நிற்கச் சொன்னது ஏன்? அப்பா பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றுதான். அவர் சந்தோஷப்பட்டார். கை தட்டினார்.

காற்று நின்றது. அவன் விழுந்தான். அதன் பிறகு நடந்ததை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

கூனிமேட்டில் அவன் ஒருமுறை கண் திறந்தான். டெம்போவின் பின்பக்கத்தில் நாங்கள் இருவர் மட்டும். அப்பா முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

“கரண்ட்டாண்ணே?”

“ஆமாண்டா. கரண்ட் போயிடுச்சு.”

“சொன்னேன்ல” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் குறை சொல்ல மனமில்லாதவன் மாதிரிதான் சொன்னான். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

நேற்று நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கரண்ட் ஆபீஸில் விசாரித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் இராத்திரி தூங்கினேன். இப்போது சொல்கிறேன்.

ஒன்பது மணி ஆயிற்று. கன்ட்ரோல் ரூம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது தாண்டியும் காற்று நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடக்கிறது என்று பராமரிப்பைக் கடைசி நேரத்தில் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அறிவழகன் இன்னும் தலைகீழாகத்தான் நின்றான். ரத்தம் ஏறி முகம் சிவந்திருந்தது. போதும்ணே, இறக்குங்க என்று கையால் காட்டினான். காற்றை மெல்லக் குறைத்திருந்தால் அப்பாவுக்கு எதிரில் பத்திரமாக வலையில் வந்து இறங்கியிருப்பான். இறங்கியதும் என் பக்கம் திரும்பி, சொல்லுங்கண்ணே என்றிருப்பான்.

மெயின் சுவிட்ச் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, திரும்பி, இரண்டு கையாலும் அதைக் கீழே இழுத்தேன்.

அன்றைக்கு மரக்காணத்தில் கரண்ட் போகவே இல்லை, ஐயா.