பச்சமுத்துவின் களைப்பு

உங்கள் ஸ்டேஷன் டீ பிரமாதம், ஐயா. இஞ்சி தட்டிப் போடுகிறார்கள் போலிருக்கிறது.

நான் கள்ளக்குறிச்சியில் டிராயிங் மாஸ்டர். பழைய அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஒரு சிலையின் படம் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமியும் இல்லை, தலைவரும் இல்லை. கடைக்குப் போய் அலுத்து நிற்கிற சாதாரண அம்மாள். நிஜச் செருப்பு, நிஜப் பை, முகத்தில் நிஜ அலுப்பு. அலுப்புக்கே சிலை வைத்திருக்கிறான், புண்ணியவான். நம்மிடம் இல்லாத அலுப்பா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

பச்சமுத்து ஓர் ஆபீஸில் குமாஸ்தா. தியாகதுருகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். எண்பத்தேழு செப்டம்பரில், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில், ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லீவும் இல்லை. போகவர நடந்தே வந்தவர், ஐந்தாம் நாள் காலையில் தண்ணீர் கேட்டு என் வாசலில் நின்றார். அந்த முகம் இருக்கிறதே, ஐயா. கண்ணுக்குக் கீழே பை பையாக, தாடை தொங்கி. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"அரை மணி நேரம் அசையாம உட்கார்ந்தா போதும்" என்று கெஞ்சினேன்.

"அசையறதுக்குத் தெம்பு எங்க சார் கீது?" என்று உட்கார்ந்துவிட்டார்.

கைகால்களை மாவுக்கட்டுத் துணியால் நாற்காலியோடு சேர்த்துச் சுற்றினேன். அச்செடுக்க முகம் முழுக்க பிளாஸ்டர் மாவு. மூச்சுவிட மூக்கில் இரண்டு ஆமணக்கு இலைக்காம்பு. உள்ளே துளை இருக்கும். மாவு இறுகுகிற நேரம் பார்த்துத் தெருவில் யாரோ கத்தினான். "தியாகதுருகம் பஸ்ஸு வுட்டுட்டாங்க. வண்டி வந்துகினு கீது."

மாவுக்குள் கன்னம் மேலே ஏறியது. மனுஷர் சிரிக்கிறார். என் களைப்பு கண்ணெதிரே கரைகிறது. "சிரிக்காதீங்க" என்று இரண்டு தரம் சொன்னேன், மரியாதையாகத்தான். கேட்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று இரண்டு காம்பையும் விரலால் நசுக்கிப் பிடித்தேன். நாற்காலி ஆடியது, காலால் அழுத்திக்கொண்டேன். நாலைந்து நிமிஷத்தில் அடங்கிவிட்டார். நிச்சயத்துக்காக இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். மாவைப் பெயர்த்துப் பார்த்தால் அச்சு முழுக்கச் சிரிப்பு. மருந்துக்குக்கூடக் களைப்பு இல்லை. அசைய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர். ஏமாந்தவன் நான். கேஸ் போடுவதென்றால் நான்தான் அவர் மேல் போட வேண்டும்.